மோட்டிவேஷன்: ஊக்கமா, ஊக்குவிப்பா, உந்துதலா?

"எனக்கு மோட்டிவேஷனே இல்லை." "பையனைக் கொஞ்சம் மோட்டிவேட் பண்ணுங்க." "பரிசுதான் பெரிய மோட்டிவேஷன்." மூன்று பேச்சிலும் சொல் ஒன்றுதான், பொருள் மூன்று. முதலாவது ஒருவர் மனத்துக்குள் இருக்கும் நிலை. இரண்டாவது இன்னொருவர் அவருக்குச் செய்வது. மூன்றாவது வெளியே கண்ணெதிரே வைக்கப்பட்ட பொருள். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன: ஊக்கம், ஊக்குவிப்பு, ஊக்கி. மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு அடைப்பதால் எழுத்து மட்டுமல்ல, சிந்தனையும் குழம்புகிறது.

வேர் லத்தீன். 'மொவேரே' என்றால் நகர்த்துதல், அசைத்தல். மோட்டார், மோஷன், ரிமோட் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவைதாம். ஆங்கிலத்தில் 'மோட்டிவ்' பழைய சொல். செயலுக்குப் பின்னால் நிற்கும் காரணம் என்று பொருள். அதோடு '-ஏஷன்' விகுதி சேர்ந்து மோட்டிவேஷன் ஆனது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். குழப்பத்தின் ஊற்று இந்த விகுதி. ஒரு செயலைச் செய்வதையும், செய்தபின் உண்டாகும் நிலையையும் அது ஒன்றாகவே சொல்லும். தூண்டுகிறவர் யார், தூண்டப்பட்டவர் யார் என்பது சொல்லில் தெரியாது.

தமிழ் இலக்கணத்தில் அது தெரியும். 'ஊக்கு' பழைய வினை. தள்ளு, உந்து, முயல் என்று பொருள்படும். கலித்தொகையின் குறிஞ்சிப் பாட்டொன்றில் ஊசலில் இருப்பவள் "ஐய, சிறிது என்னை ஊக்கி" என்று கேட்கிறாள். ஊஞ்சலைக் கொஞ்சம் ஆட்டிவிடு என்பதுதான் அது. அங்கே தள்ளுபவர் ஒருவர், ஆடுபவர் ஒருவர். குறளுக்கு வரும்போது 'ஊக்கம்' முழுக்க உள்ளே போய்விடுகிறது. "உடையர் எனப்படுவது ஊக்கம்" என்று தொடங்கும் அதிகாரத்தின் அடுத்த குறளே "உள்ளம் உடைமை உடைமை" என்கிறது. ஊக்கம் இருந்த இடத்தில் உள்ளம் என்ற சொல்லையே வைக்கிறது. இன்னோர் அதிகாரத்தில் வரும் "ஊக்கம் உடையான் ஒடுக்கம்" என்ற குறள் இன்னும் நுட்பமானது. சண்டைக்கடா மோதுவதற்கு முன் பின்வாங்குவது போல, ஊக்கமுள்ளவன் அடங்கியிருப்பான் என்கிறது. கடா பின்னால் நகரும் அந்தக் கணத்தில் தாக்குதல் இல்லை, ஊக்கம் இருக்கிறது. செயலும் ஊக்கமும் ஒன்றல்ல என்பது உளவியலுக்கு அடிப்படையான வேறுபாடு. சும்மா இருப்பவரைப் பார்த்த உடனே ஊக்கமற்றவர் என்று முடிவுகட்ட முடியாமல் போவது இதனால்தான்.

உள்ளிருப்பது ஊக்கம் என்று நிலைத்த பிறகு, பிறர் செய்வதைச் சொல்ல 'வி' என்ற பிறவினை விகுதி வந்தது: ஊக்குவி, ஊக்குவித்தல், ஊக்குவிப்பு. ஆகவே "மாணவரின் ஊக்குவிப்பு குறைந்தது" என்று எழுதினால், மாணவர் பிறருக்கு அளித்த ஊக்குவிப்பு குறைந்தது என்றுதான் பொருள். சொல்ல வந்தது "மாணவரின் ஊக்கம் குறைந்தது" என்பதாக இருக்கும். மொழிபெயர்ப்புகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழை இது. சந்தேகம் வந்தால் 'யார் செய்தது?' என்று கேட்டுப் பாருங்கள். விடையில் இரண்டாவது ஆள் வந்தால் ஊக்குவிப்பு, வராவிட்டால் ஊக்கம்.

உந்துதல் வேறு. அதற்கு ஆங்கிலத்தில் நேரான 'டிரைவ்' என்ற சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் ராபர்ட் உட்வொர்த், 1918இல். 1943இல் கிளார்க் ஹல் அதை ஒரு முழுக் கோட்பாடாகவே வளர்த்தார்: உடலில் ஒரு குறை ஏற்படுகிறது, அது தவிப்பாகிறது, தவிப்பைத் தணிக்கும் செயல் பழக்கமாகிறது. பசியும் தாகமும் உந்துதல்கள். சாப்பாட்டின் மணம் உந்துதல் ஆகாது. அது முன்னிருந்து இழுப்பது. அதற்கு 'ஊக்கி' பொருந்தும். வினையூக்கி, ஊக்கமருந்து, ஊக்கத்தொகை என்று ஏற்கெனவே பழகிய குடும்பம்தான். பின்னாலிருந்து தள்ளினால் உந்துதல், முன்னாலிருந்து இழுத்தால் ஊக்கி என்று வைத்துக்கொண்டால் தவறாது. பிறவியிலேயே வரும் 'இன்ஸ்டிங்ட்' இயல்பூக்கம். 'ஸ்டிமுலஸ்' தூண்டல்; விளக்குத் திரியை நிமிண்டும் தூண்டுகோல் நினைவுக்கு வந்தால் போதும், எரியும் சுடர் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

இவ்வளவு பிரிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்லும். மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, முதல் குழுவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்ற இரு குழுக்களில் ஏறத்தாழப் பாதிதான். பரிசை எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு இந்த இழப்பு நேரவில்லை. கெடுத்தது சான்றிதழ் அல்ல, "இதற்காகத்தான் இது" என்று முன்பே போட்ட உடன்படிக்கை. ஊக்கியைக் கூட்டியதும் ஊக்கம் குறைந்தது. இரண்டுக்கும் மோட்டிவேஷன் என்றே பெயர் வைத்திருந்தால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அங்கே ஆசை முன்பே இருந்தது. ஆசையே இல்லாத, அலுப்பூட்டும் வேலைக்கு வெளிப்பரிசு உதவவே செய்யும். எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாட்டில் உள்ளிருந்து வரும் ஊக்கத்துக்கு மூன்று தேவைகள்: தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, செய்ய முடிகிறது என்ற திறனுணர்வு, மற்றவர்களோடு உறவு. 'இன்ட்ரின்சிக்', 'எக்ஸ்ட்ரின்சிக்' என்ற இணைக்குத் தமிழில் அக ஊக்கம், புற ஊக்கம் போதும். அகம் புறம் என்று பிரித்துப் பார்த்தே பழகிய மொழிக்கு இதில் நீண்ட கலைச்சொல் எதுவும் தேவையில்லை.

ஊக்கத்தை அளக்கும்போது மூன்று கூறுகளைப் பார்ப்பார்கள்: எதை நோக்கி என்ற திசை, எவ்வளவு என்ற விசை, எதுவரை என்ற நீடிப்பு. ஊக்கம் இல்லை என்று ஒருவர் சொன்னால் எது இல்லை என்று கேட்க வேண்டும். ஆர்வமாகத் தொடங்கி மூன்றாம் நாள் நிறுத்துபவருக்கு விசை இருக்கிறது, நீடிப்பு இல்லை. அவரிடம் இன்னும் ஆவேசமாகப் பேசினால் ஏற்கெனவே இருப்பதைத்தான் கூட்டுகிறோம். மேடை முழக்கம் பலரிடம் ஒரு வாரம்கூடத் தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இனி 'எமோஷன்'. அதுவும் மொவேரே பெற்ற பிள்ளைதான்: வெளியே அசைத்தல், கிளறிவிடுதல். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது மக்கள் கிளர்ச்சியையும் குறித்தது. மனத்தை ஆராய்பவர்களின் பொதுக் கலைச்சொல்லாக அதை நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு, 1820இல் அச்சான தாமஸ் பிரவுனின் எடின்பரோ விரிவுரைகளுக்கு உண்டு. தமிழ்க் கல்வியியல் நூல்கள் இதை மனவெழுச்சி என்கின்றன. எழுச்சி என்றால் மக்கள் எழுச்சியும் உண்டு, மனத்தின் எழுச்சியும் உண்டு. இரண்டு மொழிகளும் தனித்தனியே வந்து ஒரே படத்தில் சேர்ந்திருக்கின்றன. பொது எழுத்தில் 'உணர்ச்சி' தாராளமாகப் போதும். ஆனால் மரத்துப்போன காலில் 'உணர்ச்சி இல்லை' என்றும் சொல்கிறோம்; மயங்கியவர் 'உணர்வு இழந்தார்' என்கிறோம். ஆய்வெழுத்தில் இந்த இடறலைத் தவிர்க்க மனவெழுச்சி நல்லது. மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ நீடிக்கும் 'மூட்' மனநிலை. அதை உணர்ச்சி என்று எழுதக்கூடாது.

'மெய்ப்பாடு' என்றே சொல்லலாமே என்பார்கள். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைத் தந்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன், அதாவது காரணம், சொல்கிறது. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அரிய வகைப்பாடு. ஆனால் மெய்ப்பாடு என்பது மெய்யில் வெளிப்படுவது. உள்ளே எழுவதற்கு அந்தப் பெயரை வைத்தால் 'வெளிப்பாடு' என்பதற்குச் சொல் இல்லாமல் போகும். இன்னொரு தவறு, உளவியலாளர் பால் எக்மனின் ஆறு அடிப்படை உணர்ச்சிகளில் அருவருப்புக்கு நேராக இளிவரலை வைப்பது. இளிவரலின் களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. கெட்டுப்போன உணவைக் கண்டு முகம் சுளிப்பது இதில் எங்கும் இல்லை. தாழ்ந்துபோனோம் என்ற குறுகலே இளிவரல்.

ஊக்கமும் உணர்ச்சியும் அதிகம் மாறிப்போவது தள்ளிப்போடுதலில். ஒருவர் வாரக்கணக்கில் ஓர் அறிக்கையைத் தொடாமல் இருக்கிறார். ஊக்கமின்மை என்று தானே பெயர் வைத்துக்கொள்கிறார். அதை நினைத்த மாத்திரத்தில் வயிறு இறுகுகிறது, கை தானாக வேறு வேலைக்குப் போகிறது என்றால், அங்கே இருப்பது பெரும்பாலும் அச்சம். முடிக்க வேண்டும் என்ற ஊக்கம் குறையாமலே இருக்கலாம். அவருக்குப் பரிசையும் கெடுவையும் கூட்டினால் தோற்றால் இழப்பது கூடும், அச்சமும் கூடும். வேலையை யாருக்கும் காட்டத் தேவையில்லாத ஒரு பக்க வரைவாகச் சுருக்கித் தந்தால் வயிற்றின் இறுக்கம் தளரும். கடா அடி எடுத்து வைக்கும்.