குழி வெட்டும் முன்பே தொடங்கும் வேலை

"மண்ணு திங்கப் போற உடம்புதானே" என்று சொல்லிக் கேட்டிருப்போம். கொஞ்சம் அநியாயமாக மண்மேல் போடப்பட்ட பழி அது. இறந்த உடலைச் சிதைக்கத் தொடங்குவது மண்ணும் இல்லை, புழுவும் இல்லை. அந்த உடம்பேதான். அதுவும் குழி வெட்ட ஆள் அனுப்பும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. மண்ணுக்குள் போன பிறகு அந்த வேலை மந்தமாகத்தான் ஆகிறது.

இதயம் நின்றதும் செல்களுக்கு ஆக்சிஜன் வருவது நிற்கிறது. உள்ளே அமிலத்தன்மை கூடுகிறது. நொதிகளை அடைத்து வைத்திருக்கும் நுண்ணிய பைகள் கசிந்து, செல் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. செரிமான நொதிகள் நிறைந்த கணையம் சீக்கிரமே கரைந்துவிடும். கருப்பையும் ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். மிகவும் அழுகிய உடலைப் பரிசோதிக்கும் மருத்துவர் அது ஆணா பெண்ணா என்று அறிய இவற்றைத் தேடுவது அதனால்தான்.

இறந்தவருக்கு உடனே வாய்க்கட்டு கட்டி, கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டுகிறார்களே, அந்த அவசரத்துக்கும் காரணம் உண்டு. தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, சுருங்கிய தசை தளர்வதற்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தேவை. இறந்தபின் அது தீர்ந்துவிடுவதால் தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்தபடியே பூட்டிக்கொள்கின்றன. இந்த விறைப்பு இமை, தாடை, கழுத்து என்று வெளியே தெரியத் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். திறந்த வாய் அப்படியே விறைத்துவிட்டால் பிறகு மூடுவது சிரமம். ஒன்றிரண்டு நாளில் அந்த இழைகளே சிதைய ஆரம்பிப்பதால் விறைப்பும் தளர்ந்துவிடும். நம்மூர் வெயிலில் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அடுத்தது குடல். உயிரோடு இருந்தவரை எல்லைக்குள் இருந்த பாக்டீரியாக்களைத் தடுக்க இப்போது நோய் எதிர்ப்புச் சக்தி இல்லை. அழுகலின் முதல் அடையாளம் பெரும்பாலும் அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை நிறமாகத் தெரியும். பெருங்குடல் தொடங்கும் பகுதி அங்கேதான் வயிற்றுச் சுவரை ஒட்டி இருக்கிறது. பாக்டீரியா வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்து அந்தப் பச்சையை உண்டாக்குகிறது. பிறகு வாயு சேர்ந்து உடல் உப்பும். பிண நாற்றத்தில் கந்தகச் சேர்மங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. புட்ரெசின், கடாவரின் என்ற வேதிப்பொருள்களும் சேர்ந்துகொள்ளும். ஃப்ரீசர் பெட்டி இவை எதையும் நிறுத்துவதில்லை, தள்ளிப்போடுகிறது.

சரி, இனி குழிக்குள். திறந்த வெளியில் ஒரு வாரத்தில் நடக்கும் சிதைவுக்கு நீரில் இரண்டு வாரமும் மண்ணுக்குள் எட்டு வாரமும் பிடிக்கும் என்று 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் யோஹான் லுட்விக் காஸ்பர் ஒரு கணக்குச் சொன்னார். துல்லியமான வாய்ப்பாடு அல்ல, ஆனால் போக்கு சரி. ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு, வெயில் படாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஈ வர முடியாது. நாம் புழு என்று சொல்வது ஈயின் குஞ்சைத்தான். பாவம் மண்புழு, அது மட்கிய இலைதழையைத் தின்று பிழைப்பது. இருந்தாலும் கல்லறை ஈ என்று ஒரு சின்ன ஜாதி இருக்கிறது. அது மண்ணைத் துளைத்து இரண்டு மீட்டர் ஆழம்வரைகூடப் போய்விடும்.

பெட்டியும் பதப்படுத்தலும் சேர்ந்தால் கணக்கு எவ்வளவு தவறும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பேர்பெற்ற உதாரணம் உண்டு. 1977இல் டென்னசி மாநிலத்தில் ஒரு பழைய கல்லறை கலைக்கப்பட்டுக் கிடந்தது. அதிலிருந்த உடலில் இளஞ்சிவப்புச் சதை இன்னும் இருந்தது. மானுடவியலாளர் வில்லியம் பாஸ் அதைப் பார்த்துவிட்டு, இறந்து ஓராண்டுக்குள்தான் இருக்கும் என்றார். உண்மையில் அது 1864இல் உள்நாட்டுப் போரில் இறந்த கர்னல் வில்லியம் ஷையின் உடல். பதப்படுத்தி, வார்ப்பிரும்புப் பெட்டியில் வைத்துப் புதைத்திருந்தார்கள். 113 ஆண்டு வித்தியாசம்! தானமாக வந்த உடல்கள் எப்படிச் சிதைகின்றன என்று நேரடியாகக் கவனிக்கும் ஆய்வுத்திடலை பாஸ் 1980களின் தொடக்கத்தில் அமைத்ததற்கு இந்தச் சறுக்கலும் ஒரு தூண்டுதல்.

ஈரமும் காற்றின்மையும் சேர்ந்தால் வேறொன்று நடக்கும். உடல் கொழுப்பு அழுகாமல் சோப்பு போன்ற வெளிர் மெழுகாக மாறிவிடும். 1780களில் பாரிஸின் இன்னசன்ட்ஸ் இடுகாட்டைக் காலி செய்தபோது இப்படிப்பட்ட உடல்கள் நிறையக் கிடைத்தன. வேதியியலாளர் ஃபோர்குரோவா அதற்கு அடிப்போசியர் என்று பெயரிட்டார். ஒருமுறை மெழுகாகிவிட்டால் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும்.

மெழுகாகாத உடலில் சில ஆண்டுகளில் எலும்புதான் மிஞ்சும். அதன் கதியை முடிவு செய்வதில் மட்டும் மண்ணுக்கு உண்மையிலேயே பெரிய பங்கு உண்டு. எலும்பின் கனிமப் பகுதி கால்சியம் பாஸ்பேட் வகை, அமிலத்தில் கரையும். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில், இறந்தவரைக் கப்பலோடு சேர்த்துப் புதைத்த இடத்தை 1939இல் தோண்டியபோது உடலே கிடைக்கவில்லை. அமில மணல் தின்றுவிட்டிருக்கும் என்கிறார்கள். கேரளத்தின் செம்புறாங்கல் மண்ணில் பெருங்கற்காலப் புதைவுகளைத் தோண்டினால் எலும்பு கிடைப்பது அரிது. ஆதிச்சநல்லூரிலோ தாழிகளுக்குள் மண்டையோடும் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன.

ஆனால் எலும்பு கிடைத்துவிட்டால் மரபணுவும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வெப்பம் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும். அதனால் இப்போது ஆய்வாளர்கள் தொடை எலும்பைவிட, உள்காதைச் சுற்றி இருக்கும் எலும்பைத்தான் முதலில் தேடுகிறார்கள். உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்புகளில் ஒன்று என்பதால், வெப்ப நாடுகளில்கூட அதற்குள் கொஞ்சம் டிஎன்ஏ தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.