நேவில சேரணுமா? மொதல்ல தூக்கத்தப் பத்தி பேசுவோம்

போர்க்கப்பல்ல சிக் பேன்னு ஒரு சின்ன ரூம் இருக்கும். ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு மெடிக்கல் அசிஸ்டன்ட். அந்த அசிஸ்டன்ட்டா பல வருஷம் கடல்ல ஓட்டினவன் நான், கடைசி சில வருஷம் ஆள் எடுக்கற மெடிக்கல் போர்டுல உக்காந்திருந்தேன். இப்ப ரிட்டயர்ட். சேரப்போற பசங்க நிறைய பேர் போன் பண்ணி கேப்பாங்க, சம்பளம் எவ்ளோ, எத்தனை புஷ்-அப் எடுக்கணும், சண்டைக்கு அனுப்புவாங்களா, இதுதான் கேள்வி. தூங்க எவ்ளோ நேரம் விடுவாங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல. ஆனா சிக் பே கதவத் தட்டின தலைவலி, எரிச்சல், கைய மெஷின்ல விட்டுக்கிட்டது, பக்கத்துப் படுக்கைக்காரனோட சண்டை, பாதிக்கு மேல நோண்டிப் பாத்தா அடியில தூக்கம் பத்தாததுதான் இருக்கும்.

கப்பல் ராத்திரியில நிக்காது இல்லையா, அதனால ஆளுங்க முறை வச்சு கண்ணு முழிச்சாகணும், இதுக்குப் பேருதான் வாட்ச். பழைய கணக்குப்படி நாலு நாலு மணி நேரமா பிரிப்பாங்க. அப்படியே விட்டா ஒரு நாளைக்கு ஆறு வாட்ச் வரும், மூணு டீம் இருந்தா ஒரே ஆளுக்கு தினமும் நடு ராத்திரி 12-ல இருந்து 4 வரைக்கும்னு மாட்டிக்கும். அதுக்காக சாயங்காலம் 4-ல இருந்து 8 வரைக்கும் இருக்கறத மட்டும் ரெண்டு ரெண்டு மணி நேரமா ஒடைச்சு டாக் வாட்ச்னு வச்சாங்க, ஏழு வாட்ச் ஆயிடும், முறையும் சுத்தி சுத்தி மாறும். நியாயம்தான். ஆனா ஒடம்புக்கு அந்த நியாயம் புரியாதே. இன்னைக்கு ராத்திரி தூங்கின நேரத்துல நாளைக்கு முழிச்சிருக்கணும், நாளான்னைக்கு வேற நேரம். இந்தத் தொந்தரவுக்காகவே சில நேவில இப்ப தினமும் ஒரே நேரம் வர்ற மாதிரி வாட்ச மாத்திட்டாங்க. ஆள் கம்மியான கப்பல்ல ஆறு மணி நேரம் வேலை ஆறு மணி நேரம் ரெஸ்ட்னு ஓடும், அந்த ஆறு மணி நேர ரெஸ்ட்லயும் க்ளீனிங், துரு சுரண்டறது, பெயின்ட், மெயின்டனன்ஸ், ஃபயர் டிரில் எல்லாம் அடக்கம்.

தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கறவன் கிட்டத்தட்ட ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறினவன் மாதிரி நடந்துக்கறான்னு 1997-லயே ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாங்க. அந்த நிலைமையில ஒருத்தர் ஸ்டியரிங் பிடிச்சா என்ன ஆகும்? 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலை சிங்கப்பூர் பக்கத்துல அமெரிக்காவோட ஜான் எஸ். மெக்கெய்ன் போர்க்கப்பல் ஒரு டேங்கர் கப்பலோட மோதிச்சு, 10 பேர் செத்தாங்க. பயிற்சி போதாதது, கன்ட்ரோல் ஸ்க்ரீன்ல குழப்பம்னு பல காரணம் சொன்னாங்க, பிரிட்ஜ்ல, அதாவது கப்பல ஓட்டற ரூம்ல இருந்தவங்களுக்கு தூக்கம் பத்தாததும் அந்த விசாரணையில வந்துச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் ஜப்பான் பக்கம் ராத்திரி ஒண்ணரை மணி வாக்குல சரக்குக் கப்பலோட மோதி 7 பேர் போனாங்க. தூங்கற ரூம்லயே தண்ணி புகுந்துடுச்சு. அதான் புதுசா வர்ற பசங்கள நான் மொத நாளே படுக்கையில இருந்து ஏணி வரைக்கும் கண்ண மூடி நடக்க வைப்பேன், எத்தனை எட்டு, எந்தப் பக்கம் கம்பின்னு கை ஞாபகம் வச்சுக்கணும், கரன்ட் போனா கண்ணு ஒதவாது. சிரிப்பானுங்க. சிரிக்கட்டும்.

வாந்தியப் பத்தி கேக்கவே கூச்சப்படுவாங்க. இங்கிலாந்து நேவியோட பெரிய தளபதி நெல்சனே வாழ்நாள் பூரா கப்பல்ல கொமட்டலோட கஷ்டப்பட்டவர்தான், அட்மிரல் ஆகலையா என்ன. காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு ஆடுதுன்னு சொல்லும், கண்ணு செவரப் பாத்துட்டு ஆடலைங்கும், மூளை குழம்பிடும், அவ்ளோதான் விஷயம். டெக்குக்கு, அதாவது மேல் தளத்துக்கு வந்து அடிவானத்தப் பாருங்க, வெறும் வயித்தோட இருக்காதீங்க, மாத்திரைய வாந்தி வந்தப்பறம் போட்டா பிரயோஜனமில்ல, கெளம்பறதுக்கு முன்னாடியே போடணும். பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். சிலருக்கு ஆகவே ஆகாது, அது அவங்க தப்பு இல்ல.

காது விஷயம் வேற. இன்ஜின் ரூம்ல சத்தம் 100 டெசிபல் தாண்டறது சகஜம், 85 டெசிபல்னா எட்டு மணி நேரம் தாங்கலாம், 100-னா காதுக்கு எதுவும் போடாம 15 நிமிஷம்தான்னு ஒரு கணக்கு உண்டு. இயர்மஃப் போட்டா வியர்க்குதுன்னு கழட்டி கழுத்துல மாட்டிக்கிட்டு நின்ன பசங்களுக்கு இப்ப நாப்பது வயசுல ராத்திரி பூரா காதுல கொய்ங்குனு கேக்குது. அதுக்கு மருந்து கெடையாது.

சரி, மெடிக்கல் போர்டு கதைக்கு வருவோம். கலர் விஷன் டெஸ்ட்ல இஷிஹாரா புக்னு ஒண்ணு வைப்போம், புள்ளி புள்ளியா வட்டம், அதுக்குள்ள நம்பர். ஒரு பையன் வந்தான், நல்ல ஒடம்பு, ஓட்டத்துல முதல். மொத பக்கம் 12, அது எல்லாருக்கும் தெரியும். அடுத்து 8, 6, 29, 57-ன்னு கடகடன்னு சொல்றான். எனக்கு சந்தேகம், நாலு பக்கம் தள்ளி 74 இருக்கற பக்கத்தத் திருப்பினேன். அவன் யோசிக்காம 5-ங்கறான். வரிசையா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான். புக்க மூடி வச்சுட்டு, "தம்பி, மறந்துடு, இதுல நெஜமா ஒனக்கு என்ன தெரியுது"ன்னு கேட்டு மறுபடி அதே பக்கத்தக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு "21 சார்"னான். செவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்கு அந்தப் பக்கத்துல 21-தான் தெரியும்.

ஏன் இவ்ளோ கெடுபிடின்னா, ராத்திரி கடல்ல ஒரு கப்பலோட எடது பக்கம் செவப்பு லைட், வலது பக்கம் பச்சை. நம்ம வலது பக்கத்துல இன்னொரு கப்பலோட செவப்பு தெரிஞ்சா அது குறுக்க வருது, நாமதான் வழி விடணும். அந்த லைட்டு அவனுக்கு என்ன கலர்னே தெரியலைன்னா கூட இருக்கற எரநூறு பேரும் அவன் கண்ண நம்பி தூங்கிட்டிருப்பாங்க. அந்தப் பையன் ரெண்டு வருஷம் இதுக்காகவே தயார் பண்ணிட்டு வந்தவன். கோச்சிங் சேர்றதுக்கு முன்னாடி ஒரு கண் டாக்டர்ட்ட பத்து நிமிஷம் உக்காந்திருந்தா அந்த ரெண்டு வருஷம் மிச்சம், கலர் விஷன் கேக்காத வேலை எவ்வளவோ இருக்கு. ஆஸ்துமா, வலிப்பு, பழைய காது ஆபரேஷன் இதெல்லாம் மறைக்கறவங்களும் உண்டு, கரையில இருந்து மூணு நாள் தூரத்துல மூச்சு இழுத்தா அங்க இருக்கறது நான் மட்டும்தான், ஐசியூ இல்ல.

கையெழுத்து போடற பேப்பர படிங்க, முழுசா படிங்க. எத்தனை வருஷம் பாண்ட், நடுவுல கெளம்பினா என்ன ஆகும், நீங்க கேட்ட டிரேட், அதாவது வேலைப் பிரிவு கெடைக்கலைன்னா வேற எதுல போடுவாங்க, இந்த மூணுக்கும் பதில் அதுல இருக்கணும். எலக்ட்ரானிக்ஸ்னு நெனச்சு வந்தவன் கிச்சன்லயோ ஸ்டோர்லயோ நிக்கறத நான் நெறைய பாத்திருக்கேன், மார்க்கும் காலி இடமும் சேந்துதான் முடிவு பண்ணுது, ஆசை கடைசி. ஆள் எடுக்க வர்றவர் வாயால சொன்னது பேப்பர்ல இல்லைன்னா சொல்லலைன்னே வச்சுக்கோங்க. இது கம்பெனி வேலை இல்ல, பிடிக்கலைன்னு நாலு நாள் வராம இருந்தா ராணுவச் சட்டப்படி குத்தம்.

வீட்டுல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு. கப்பல் எங்க இருக்குன்னு வெளிய தெரியக் கூடாதுன்னா நெட், போன் எல்லாத்தையும் கட் பண்ணிடுவாங்க, அஞ்சு நாளோ பதினஞ்சு நாளோ ஒரு மெசேஜும் வராது. அதுக்காகப் பயந்துட்டு ஆபீஸுக்கு போன் மேல போன் போடாதீங்க. ப்ளூ டிக் வரலைன்னா கடல்ல இருக்கான்னு அர்த்தம். கெளம்பற தேதிய மட்டும் தயவுசெஞ்சு ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, எங்க கப்பல்ல ஒரு தம்பியோட அக்கா பாசத்துல போட்டுட்டாங்க, அவனுக்குத்தான் மெமோ வந்துச்சு.