பையின் அளவு கைக்குத் தெரியாது

ஆய்வு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "முழுமைத் தொகுதியில் 10,000 பேர் இருந்தால் மாதிரிக்கு 370 பேர் வேண்டும் என்கிறது அட்டவணை. 10 லட்சம் பேர் என்றால் 384. கூட்டம் நூறு மடங்கு பெருத்தும் 14 பேர்தான் கூடுதலா? அச்சுப் பிழையோ?"

பிழை இல்லை. 1970-இல் கிரெஜ்சி, மார்கன் இருவரும் வெளியிட்ட அட்டவணை அது. ஆய்வேடு எழுதியவர்களில் பலர் அதிலிருந்து 384-ஐ எடுத்துப் போட்டிருப்பார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

யாரைப் பற்றி முடிவு சொல்லப்போகிறோமோ அவர்கள் அத்தனை பேரும் முழுமைத் தொகுதி. அவர்களில் நாம் கேள்வி கேட்பவர்கள் மாதிரி. இது பள்ளிப் பாடம். நேராகப் பைக்குப் போவோம்.

ஒரு பையில் சிவப்பும் வெள்ளையுமாகக் குண்டுகள், பாதிக்குப் பாதி, நன்றாகக் கலந்து கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிறீர்கள். சிவப்பு வர வாய்ப்பு பாதி. பையில் 10 லட்சம் குண்டுகள் இருந்தாலும் 100 கோடி இருந்தாலும் அதே பாதிதான். அடுத்த குண்டுக்கும் ஏறக்குறைய அதேதான், ஏனென்றால் ஒன்றை எடுத்ததால் பை குறைந்ததாகவே தெரியாது. உள்ளே போகும் கைக்குக் கலவையின் விகிதம் மட்டுமே படுகிறது. பையின் அளவு படுவதில்லை.

நம்பிக்கை வரவில்லையா? சரி, நாணயத்தைச் சுண்டுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் சுண்டலாம், ஆகவே அதன் முழுமைத் தொகுதிக்கு முடிவே கிடையாது. ஆனாலும் 384 முறை சுண்டினால், இருபதில் பத்தொன்பது தடவை தலைகளின் எண்ணிக்கை 173-க்கும் 211-க்கும் நடுவில் விழும். சரிபாதி 192, இரண்டு பக்கமும் 19 விலகல், அதாவது 384-இல் 5 சதவீதம். 384 பிறப்பது இங்கேதான்: 95 சதவீத நம்பகம் (இருபதில் பத்தொன்பது), 5 சதவீதப் பிழை வரம்பு (அந்த விலகல்). முடிவில்லாத தொகுதிக்கே அது போதும் என்றால் 10 லட்சத்துக்குப் போதாதா?

சிறிய தொகுதியில்தான் கணக்கு மாறுகிறது. 100 குண்டுகளில் 80-ஐ எடுத்துவிட்டால் நாம் அறியாதவை 20 மட்டுமே. அவை நம்மை எவ்வளவு ஏமாற்றிவிட முடியும்? பை காலியாகக் காலியாகப் பிழையும் சுருங்குகிறது. ஆகவே 10,000-க்குக் கிடைத்த 370 என்பது ஒரு சிறு தள்ளுபடி, அவ்வளவுதான்.

பிழையைப் பாதியாக்க இரண்டு மடங்கு ஆட்கள் போதாது, நான்கு மடங்கு வேண்டும். 384 என்பது 1,537 ஆகும். தற்செயல் விலகல்கள் ஒன்றையொன்று தின்றுவிடுவதால், நான்கு மடங்கு சுண்டினாலும் மொத்த விலகல் இரண்டு மடங்கே வளர்கிறது. ஒரு சோறு பதம் என்ற பழமொழிக்காரர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள்: ஒரே பானையில் எல்லாச் சோறும் ஒன்றுபோல வேகிறது. மனிதர்கள் அப்படி வேகிறவர்கள் இல்லை. அதனால்தான் தொகுதியைப் பிரிவுகளாக்கி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுக்கும் முறை இருக்கிறது. 1934-இல் புள்ளியியலாளர் நெய்மான் அதற்குக் கணித அடித்தளம் போட்டார்.

ஆனால் மேலே சொன்னதெல்லாம் கண்ணை மூடிய கைக்கு, அதாவது சமவாய்ப்புத் தேர்வுக்கு, மட்டும். கை ஒரே மூலையில் துழாவினால் எண்ணிக்கை எதையும் காப்பாற்றாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்த முகவரிகள். 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். பொருளாதார மந்தக் காலத்தில் காரும் தொலைபேசியும் யாரிடம் இருந்திருக்கும்? சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனம் கொண்டவர்களாக இல்லை என்பது இன்னொரு கோளாறு. நான்கில் ஒருவர்கூடப் பதில் அனுப்பவில்லை.

இன்று அந்தச் சீட்டின் வேலையை வாட்ஸ்அப்பில் சுற்றும் கூகுள் படிவம் செய்கிறது. கைக்கு எட்டியவர்கள் நிரப்புகிறார்கள். ஆய்வேட்டில் "சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்று ஏறிவிடுகிறது. இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை படிவம் என்று எண்ணிப் பணம் ஒதுக்குகிறவர்கள், பதில் தராதவர்களின் கதவை மூன்றாம் முறை தட்ட ஆகும் செலவுக்குக் கணக்கில் இடமே வைப்பதில்லை. என்னைக் கேட்டால், படிவங்களில் பாதியைக் குறைத்து அந்தப் பணத்தை இதற்குக் கொடுப்பேன்.

மாணவிக்கு எழுதிய பதிலில் இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்று கேட்டேன்: அந்த 10 லட்சம் பேரின் பெயர்ப் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? இல்லையாம். படிவம் ஏற்கெனவே நான்கு குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம்.