பாயிண்டை மாற்றியபின் டைமிங்கை அளக்காமல் விடாதீர்கள்

பழைய கார்களின் இன்ஜின் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காணும் சேதம் ஒன்று உண்டு. உரிமையாளர் பாயிண்டை, அதாவது பிளக்கில் பொறி எழுப்ப மின்சாரத்தை அறுக்கும் இயந்திர சுவிட்சை, கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூலைப் பொருத்தியிருப்பார். சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஐட்லிங்கும் சீராக இருக்கும். சில மாதங்கள் கழித்து, பிஸ்டனின் தலை அரித்துப்போய், ரிங் உடைந்த நிலையில் அந்த இன்ஜின் பிரித்துப் பார்க்க வந்து சேரும். புதிய கருவியின் மீது குற்றமில்லை. அதைப் பொருத்திய பிறகு டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி எழும் கணத்தை, எவரும் அளந்து பார்க்கவில்லை.

சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் முறைதான், சிறு திருத்தங்களோடு, 1970-கள் வரை பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இருந்தது. பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் சுழலும் கேம் பாயிண்டைத் திறக்கும்போது காயிலில் ஓடும் மின்சாரம் அறுபட்டு, பிளக்குக்கு வேண்டிய உயர் அழுத்தம் பிறக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, பாயிண்ட் ஒரு நொடியில் 100 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் அதன் முகம் சிறிது கருகுகிறது, கேமில் உரசும் ஃபைபர் கால் தேய்கிறது, இடைவெளி குறைகிறது, அதனால் டைமிங் மெல்ல மெல்லப் பின்தங்குகிறது.

எலெக்ட்ரானிக் மாட்யூல் நீக்குவது இந்த ஒரு சுவிட்சின் தேய்மானத்தை மட்டுமே. டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட், புஷ், வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும் அட்வான்ஸ் வெயிட்டுகள், ஸ்பிரிங்குகள், இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் வாக்குவம் டயாஃப்ரம் ஆகிய அனைத்தும் பழையனவாகவே இருக்கின்றன. அத்துடன், மாட்யூலின் சென்சார் பொறி எழுப்பும் கணமும் பழைய பாயிண்ட் திறந்த கணமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், மாற்றிய அன்றே டைமிங் பல டிகிரி நகர்ந்திருக்கக்கூடும். எனவே மாட்யூலை வாங்கும் முன் ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்டின் உச்சியில் உள்ள ரோட்டாரை அது சுழலும் திசையில் விரலால் திருப்பி விட்டால், ஸ்பிரிங் அதைத் தானாக இழுத்து வந்து நிறுத்த வேண்டும். வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் பொருத்திய பேஸ் பிளேட் நகர்ந்து, உறிஞ்சலை விடும்வரை அங்கேயே நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் முதலில் அதைச் சரிசெய்வதே முறை.

மின்சாரப் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை சிலவே. ஆனால் மாட்யூல்களைக் கொல்பவை அவைதாம். 12 வோல்ட்டில் 3 ஓம் காயில் 4 ஆம்பியர் இழுக்கும். மின்சாரத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு பயன்படுத்த வேண்டிய 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் அது 8 ஆம்பியர் வரை போகும். ஆகவே மல்டிமீட்டரால் காயிலை அளந்த பிறகே வயரைத் தொடுங்கள். 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது வண்டியின் உடலோடு இணைந்திருப்பது. அந்த வண்டியில் நெகட்டிவ் எர்த்துக்கான மாட்யூலை இணைத்தால் அது நொடியில் போய்விடும். இன்ஜின் ஓடாத நிலையில் சாவியை ஆனில் விட்டுவைப்பதும் எளிய மாட்யூல்களைச் சூடேற்றிக் கெடுக்கும்.

இனி டைமிங். பெட்ரோல் கலவை எரிந்து முடிய ஏறக்குறைய 2 மில்லி நொடி ஆகும் என்று எளிய கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 900 சுற்றில் அந்த நேரத்துக்குள் இன்ஜினின் கிராங்க் தண்டு 11 டிகிரி திரும்பும். 3000 சுற்றிலோ 36 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடக் கூடப் பொறி முன்கூட்டியே எழ வேண்டியிருப்பது இதனால்தான். வெயிட்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டரில் 12 என்று பொறித்திருந்தால் அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், கிராங்கில் அது 24. ஐட்லிங்கில், பிஸ்டன் மேல் நிலையை எட்டுவதற்கு 10 டிகிரி முன்பே பொறி எழும்படி வைத்தால் மொத்தம் 34 ஆகும். ஐட்லிங்கில் மட்டும், பொறியோடு மின்னிக் கிராங்க் புல்லியின் குறியைக் காட்டும் டைமிங் லைட்டைக் காட்டிவிட்டு பானட்டை மூடுபவர்கள் இந்த மொத்தத்தைப் பார்ப்பதே இல்லை. பிஸ்டனை உருக்குவது பெரும்பாலும் அந்த மேல் எண்தான். அதிவேகத்தில் எழும் நாக்கிங், அதாவது கலவை கட்டுமீறி எரிவதால் வரும் தட்டல் ஒலி, ஓட்டுபவரின் காதுக்கு எட்டாது.

அண்மையில் வந்த ஒரு வண்டியில் குறி சரியாக 10 டிகிரியில் நின்றது. ஆனாலும் ஏற்றத்தில் இன்ஜின் தட்டியது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பேட்டரியைத் துண்டித்து, முதல் சிலிண்டரில் பிஸ்டனை வழியில் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்பைப் பொருத்தினேன். ஸ்பேனரால் கிராங்கை மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் முட்டிய இடத்தில் சுட்டிக்கு நேரே புல்லியில் சாக்பீஸால் கோடிட்டேன். எதிர்த்திசையில் திருப்பி, முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பதுதான் உண்மையான மேல் நிலை. அதற்கும் புல்லியில் பொறித்திருந்த குறிக்கும் ஒரு விரற்கடை தூரம் இருந்தது. புல்லியின் உள் வளையத்தையும் வெளி வளையத்தையும் பிணைத்த ரப்பர் தளர்ந்து, வெளி வளையம் குறியோடு சேர்ந்து நகர்ந்துவிட்டிருந்தது. இத்தனை காலம் அந்தக் குறியை நம்பியே டைமிங் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, ரப்பர் இணைப்புள்ள எந்தப் புல்லியின் குறியையும் சோதிக்காமல் நான் லைட்டை எடுப்பதில்லை.

டைமிங் வைக்கும்போது வாக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள். ஐட்லிங் வேகம் வெயிட்டுகள் விரியத் தொடங்கும் வேகத்துக்குக் கீழே இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னே செல்லும். அதே திசையில் திருப்பினால் பின்வாங்கும். பிறகு சுற்றை மெதுவாக உயர்த்தி, குறி எங்கே நகர்வதை நிறுத்துகிறது என்று பார்த்து, அந்த மொத்தத்தை வண்டியின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். லைட்டின் ஒளியில் சுழலும் புல்லி அசையாமல் நிற்பது போலத் தோன்றும். அதை நம்பிக் கையை உள்ளே நீட்டிவிடாதீர்கள், தளர்ந்த சட்டைக் கையோடு அருகே நிற்கவும் வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பக்கமே வரக் கூடாது.

போல்ட்டை இறுக்கியபின் லைட்டை இன்னொரு முறை காட்டுங்கள். இறுக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் சற்றுத் திரும்பிவிடுவது வழக்கம். கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும் துடைத்து, பாயிண்ட் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜோடு டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மாட்யூல் நின்றுபோனால், அவற்றை மாட்டிக்கொண்டு மெதுவாகவேனும் வீடு திரும்பலாம்.