செய்முறை நோட்டில் பெயர் இருக்கிறது, மனசுவிட்டுப் பேச ஆள் இருக்கிறாரா?

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் பல வீடுகளில் செய்முறை நோட்டு இருக்கும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று யார் எவ்வளவு செய்தார்கள் என்பது அதில் பத்திரமாக இருக்கும். அதே வீட்டில் நாற்பதைத் தாண்டிய ஒருவரிடம், "ராத்திரி பத்து மணிக்கு மனசு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. மனநல ஆலோசனையில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது.

நட்பு பெரும்பாலும் சண்டையில் முறிவதில்லை. பத்திரிகை வைக்க விட்டுப்போயிருக்கும். கேதத்துக்குப் போக முடியாமல் போயிருக்கும். கைமாத்தாக வாங்கிய ஐயாயிரத்தைத் தர முடியாமல் ஒருவர் முகம் பார்க்கக் கூசியிருப்பார். ஆறு மாதம் கழிந்ததும் "இப்போ எந்த மூஞ்சியோட பேசுறது" என்ற தயக்கம் வந்துவிடும். இந்தத் தயக்கம் பெரும்பாலும் வீண். பெக்கி லியூவும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வுகளில், நாமாகத் தேடிப் பேசினால் நண்பர் எவ்வளவு மகிழ்வார் என்பதை மனிதர்கள் குறைத்தே எடைபோடுகிறார்கள் என்று தெரியவந்தது.

முதல் செய்தி மூன்று வரி போதும். "மாப்ள, இன்னைக்குத் தெப்பக்குளம் பக்கம் போனேன். காலேஜ் முடிஞ்சு படிக்கட்டுல உட்கார்ந்து பேசுனது ஞாபகம் வந்துச்சு. அப்பா எப்படி இருக்காரு?" இருவருக்கும் பொதுவான ஒரு நினைவு, பதில் சொல்ல எளிதான ஒரு கேள்வி, அவ்வளவுதான். நீளமாக மன்னிப்புக் கேட்காதீர்கள். பாவம், உங்களைத் தேற்றும் வேலை அவருக்கு வந்துவிடும். கடன் நிற்கிறது என்றால் மட்டும் அதை முதலில் சொல்லுங்கள்: "அந்தக் காசை மறக்கல, மாசம் ஐநூறா தந்துர்றேன்." கீழமாசி வீதியில் கடை வைத்திருப்பவரை வியாபார நேரத்தில் அழைக்காதீர்கள், கடை சாத்திய பிறகு பேசுங்கள். பதில் வரவில்லையா? இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை, அதோடு நிறுத்துங்கள். எல்லாம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான்: பல வருஷம் கழித்துப் பேசும் முதல் பேச்சிலேயே சீட்டுக்கு ஆள் சேர்ப்பது, பாலிசி போடச் சொல்வது.

புது ஊரில், புது வேலையில் நட்பு பிடிபடவில்லை என்று கவலைப்படுபவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் செய்த ஆய்வின்படி, அறிமுகம் சாதாரண நட்பாக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்த நேரத்துக்கு இதில் பெரிய மதிப்பில்லை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சேர்ந்து நடந்தால் வருஷத்துக்கு 130 மணி நேரம் ஆகிறது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் வாயே திறக்காத ஆண்கள் பலர், பக்கத்தில் நடக்கும்போது பேசிவிடுகிறார்கள்.

நன்றியை நம் ஊரில் பெரும்பாலும் வாயால் சொல்வதில்லை, செய்முறையில் திருப்பிச் செய்கிறோம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் செய்தவருக்குத் தாம் செய்தது என்ன பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாமலே போகிறது. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு ராத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நோட்டில் மூன்று பெயர் எழுதுங்கள். யார், என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. தினமும் வேண்டாம், நாலு நாளில் சலித்து, "எல்லாம் ஆண்டவன் கிருபை" என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அந்த மூவரில் ஒருவரிடம் அதை நேரில் சொல்லிவிடுங்கள். "அக்கா, அம்மாவைப் பெரியாஸ்பத்திரில சேர்த்தப்ப விடியிற வரைக்கும் வெளிய உட்கார்ந்திருந்தீங்க. அன்னைக்குத்தான் நான் கொஞ்சம் கண்ணசந்தேன்." நன்றி என்ற சொல்லே இதில் வரவில்லை, வரவும் வேண்டியதில்லை.

உதவி செய்வதிலும் பக்குவம் வேண்டும். நொடித்துப்போன வீட்டுக்குத் தெருவே பார்க்க அரிசி மூட்டை இறக்கினால், அடுத்த வாரம் அவர்கள் உங்களைக் கண்டால் ஒதுங்குவார்கள். திருப்பித் தர முடியாத உதவி பாரமாகிவிடுகிறது. இருட்டிய பிறகு கொடுங்கள், அவர்கள் தரும் காப்பியை மறுக்காமல் குடியுங்கள், உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர்களால் முடிந்த ஒரு வேலையை உரிமையோடு கேளுங்கள்.

"ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். "நாளைக்கு மதியம் 12லருந்து 4 வரைக்கும் நான் ஆஸ்பத்திரில இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுச் சாப்ட்டு வாங்க" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். கேத வீட்டில் பதினாறாம் நாள் வரை கூட்டம் இருக்கும். அதன் பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகிறது. இருபத்தைந்தாம் நாள், நாற்பத்தைந்தாம் நாள் என்று போனில் குறித்துவைத்துப் போய் வாருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அழுதால் அழட்டும், பேச்சை மாற்ற வேண்டாம்.

அப்படிப் போகும்போது சிலவற்றைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு வருகிறது என்றால் நட்பு மட்டும் போதாது. சாகணும்னு தோணுதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். விடிந்ததும் மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள்.