கண்காணிக்க வேண்டியவரே பங்காளியானால்: பிட்ஸ்டன் மாஃபியாவும் நாக்ஸ் சுரங்கமும்

மாஃபியா என்றதும் ‘குடும்பம்’ என்று அழைக்கப்படும் நியூயார்க்கின் ஐந்து குற்றக் கும்பல்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒப்பந்தங்களையும் துணைக் குத்தகைகளையும் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நிலக்கரி ஊரான பிட்ஸ்டனை மையமாகக் கொண்டு இயங்கிய புஃபலினோ குடும்பத்தின் கதை. சிறிய குடும்பம். வெளியே சத்தமில்லாமல் சுரங்கம், தையற்கூடம், தொழிற்சங்கம் என்று ஊரின் பிழைப்புக்குள்ளேயே புகுந்துகொண்டது.

இதன் வேர் சிசிலியில் உள்ள மோண்டெடோரோ என்ற கந்தகச் சுரங்க ஊர். அங்கிருந்து வந்தவர்கள் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் (கடின நிலக்கரி) சுரங்கங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். குடும்பத்தின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான சாண்டோ வோல்பே பிறகு சுரங்க முதலாளியே ஆனார். இதற்கு வழிவிட்டது அன்றைய குத்தகை முறை. பெரிய நிறுவனம் நிலத்தடி உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வெட்டும் வேலையைச் சிறு நிறுவனங்களிடம் விட்டுவிடும். அவர்களுக்கு வெட்டியெடுத்த கரிக்குத்தான் வருமானம். கூரையைத் தாங்க விட்டுவைக்கும் தூணும், துளையிட்டு அளவு பார்க்கும் நாளும் அவர்கள் கணக்கில் நஷ்டம். கூலியைக் குறைத்து, விதியை மீறி, எதிர்த்துக் கேட்பவர்களை மிரட்டி வைக்கிறவனுக்கே இந்த முறையில் லாபம்.

நாக்ஸ் நிலக்கரி நிறுவனம் 1943இல் தொடங்கியது. அதன் தொடக்கப் பங்குதாரர்களில் ஒருவரான ஜான் சியாண்ட்ரா, வோல்பேக்குப் பின் குடும்பத்தின் தலைவராகக் கருதப்பட்டவர். பென்சில்வேனியா கோல் கம்பெனியிடம் குத்தகை எடுத்து வேலை நடந்தது. சஸ்குவேஹன்னா ஆற்றுக்கு அடியில் வெட்டும்போது தலைக்கு மேல் குறைந்தது 35 அடிப் பாறை இருக்க வேண்டும். நாக்ஸ் ஆட்கள் வரைபடத்தில் நிறுத்தச் சொன்ன எல்லையையும் தாண்டி, ஆற்றுப்படுகையை நோக்கி மேல்சரிவாக வெட்டிக்கொண்டே போனார்கள். மேலே எவ்வளவு பாறை மிச்சம் என்று துளையிட்டுப் பார்க்கவில்லை. 1959 ஜனவரி 22 அன்று, பெருக்கெடுத்திருந்த ஆறு கூரையைப் பிளந்து உள்ளே இறங்கியது. உள்ளே இருந்த 81 பேரில் 69 பேர் தப்பினார்கள். அவர்களில் அமெடியோ பான்கோட்டி, கைவிடப்பட்ட காற்றுக்குழியின் சுவரில் சுமார் 50 அடி ஏறி வெளியே வந்து உதவி கேட்டவர். மற்ற 12 பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. ஆற்றில் உண்டான சுழலை அடைக்க ரயில் பெட்டிகளையே ஆற்றுக்குள் தள்ளினார்கள். அதற்குள் சுமார் 1,000 கோடி காலன் தண்ணீர் அக்கம்பக்கத்துச் சுரங்கங்களுக்குள் பாய்ந்துவிட்டது. அந்தப் பகுதியில் ஆழ்சுரங்கத் தொழிலே ஏறக்குறைய அதோடு முடிந்தது.

விசாரணையில் வெளிவந்ததுதான் நெஞ்சைச் சுடுகிறது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் ‘முதலாம் மாவட்டம்’ என்ற கிளையின் தலைவர் ஆகஸ்ட் லிப்பி, நாக்ஸ் நிறுவனத்தின் மறைமுகப் பங்குதாரர். ‘இங்கே வெட்டாதே’ என்று வேலையை நிறுத்த வேண்டிய மனிதருக்கு, வெட்ட வெட்டப் பங்கு போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவர் வரி ஏய்ப்பு வழக்கில் சிறை சென்றார். பினாமியைப் பிடிக்க வருமான வரிக் கணக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கரி குறைந்தபோது குடும்பத்தின் கவனம் ஆயத்த ஆடைக்குத் திரும்பியிருந்தது. நியூயார்க்கில் வெட்டிய துணி லாரியில் பிட்ஸ்டனுக்கு வரும்; வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிமார் குறைந்த கூலிக்குத் தைப்பார்கள். இந்தப் பிடியை எதிர்த்து நின்றவர் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் மின் மேத்தசன். 1944இல் வந்தார். அதே சங்கத்தில் வேலை பார்த்த அவருடைய தம்பி வில் லூரி 1949இல் நியூயார்க்கில், தொலைபேசிக் கூண்டுக்குள் குத்திக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் மேத்தசன் பின்வாங்கவில்லை. இந்த வரலாற்றில் முதலில் போற்றப்பட வேண்டிய பெயர் அவருடையது.

சியாண்ட்ராவுக்குப் பின் தலைவராகி, குடும்பத்துக்கே பெயர் தந்த ரசல் புஃபலினோவின் வெளிவேலை திரைச்சீலை நிறுவன மேலாளர். 1957 நவம்பர் 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் அபலாச்சின் ஊரில், ஜோசப் பார்பராவின் வீட்டில் மாஃபியா தலைவர்கள் கூடியபோது பிடிபட்டவர்களில் அவரும் ஒருவர். கூட்டத்தின் நோக்கத்தை மறைக்கச் சதி செய்ததாக அவருக்குக் கிடைத்த தண்டனை 1960இல் மேல்முறையீட்டில் ரத்தானது. 1970களின் இறுதியில், கடனை மிரட்டி வசூலித்த வழக்கில்தான் சிறை சென்றார். 1994இல் இறந்தார். அவருக்குப் பின் குடும்பத்தின் தலைவராகக் கருதப்பட்ட வில்லியம் டி’எலியா 2008இல், குற்றப் பணத்தை வெள்ளையாக்கச் சதி செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நாக்ஸ் விபத்து நடந்த அதே 1959இல் வந்த அமெரிக்கச் சட்டம், சங்க நிர்வாகிகளும் அவர்களின் கணவன் அல்லது மனைவியும் மைனர் பிள்ளைகளும் முதலாளி நிறுவனத்தில் வைத்திருக்கும் பங்கைத் தெரிவிக்கச் சொல்கிறது. அதற்கான படிவம் எல்எம்-30. படிவம் இருந்தால் மட்டும் போதாது. சங்க நிர்வாகி, ஆய்வாளர், குத்தகைதாரர் ஆகியோரின் குடும்பப் பெயர்களையும் முகவரிகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். துணைக் குத்தகைதாரர் கேட்கும் தொகை, பாதுகாப்புச் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டால் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் எந்தச் செலவை அவர் விட்டுவிடப் போகிறார் என்று கேளுங்கள். வரைபடத்தில் உள்ள எல்லையையும் வேலை நடக்கும் இடத்தையும் நேரில் அளந்து ஒப்பிடுங்கள். தொழிலாளர்களிடம் பேசும்போது நிறுவனத்தார் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. எல்லாரும் ஒரே பதிலை ஒரே வார்த்தைகளில் சொன்னால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.