போலிப் பொருளா? பணம் வரும்வரை அதைத் திருப்பி அனுப்பாதீர்கள்

வங்கியில் கார்டு புகார்களைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியது போலி என்று வருகிறவர்கள், விற்றவரோடு பேசியதையெல்லாம் அச்செடுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். நான் முதலில் பார்ப்பது கடைசித் தாளில் இருக்கும் தேதியைத்தான்.

ஒரு இளைஞர் இயர்போன் வாங்கியிருந்தார். அட்டைப் பெட்டியில் ஒரு சீரியல் எண், உள்ளே இருந்த சார்ஜிங் பெட்டியில் வேறொன்று. அன்றே விற்றவருக்கு எழுதிவிட்டார். "அன்பு நண்பரே, 10 நாள் பொறுங்கள், கிடங்கில் விசாரிக்கிறோம்" என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து, விலையில் 20% தருகிறோம் என்றார்கள். மறுத்ததும் அது 40% ஆனது. அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளாததால், உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறோம் என்றார்கள். விலையில் பாதிக்கு மேல் கூரியருக்கே கட்டி அனுப்பினார். போய்ச் சேர்ந்ததும் வந்த பதில்: "பெட்டி காலியாக இருந்தது." என்னிடம் வந்தபோது அவரிடம் பணமும் இல்லை, போலி என்று காட்டப் பொருளும் இல்லை. முயன்று பார்த்தோம், பணம் வரவில்லை. இன்றும் அது என் மனதை உறுத்துகிறது. பெட்டியைப் பிரித்த அன்றே வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ஏனென்றால் கார்டு நிறுவனங்களின் விதிகளில் "பொருள் சரியில்லை" என்பது ஒன்று, "பொருள் போலி" என்பது வேறொன்று. விசா கார்டு நிறுவனத்தின் விதிகளில் முதலாவதுக்கு எண் 13.3. அதில் பொருளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் முயன்றாவது இருக்க வேண்டும். போலிப் பொருளுக்கு 13.4 என்று தனி எண் உண்டு. அங்கே திருப்பி அனுப்பச் சொல்லும் நிபந்தனை இல்லை. அதனால் வங்கியில் பேசும்போது "தரம் மோசம்", "படத்தில் இருந்தது மாதிரி இல்லை" என்று சுற்றி வளைக்காதீர்கள். போலி என்ற சொல்லைச் சொல்லுங்கள். படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

மீதிப் பாதி, அதை யார் சொல்கிறார்கள் என்பது. பார்த்தாலே தெரிகிறதே என்பார்கள். தெரியும்தான், ஆனால் அது சான்று ஆகாது. அந்த பிராண்டின் உரிமையாளரோ அவருடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ, சுங்கத்துறையோ, காவல்துறையோ, சம்பந்தமில்லாத ஒரு நிபுணரோ சொல்ல வேண்டும். சர்வீஸ் சென்டரில் "இது எங்கள் பொருள் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அங்கேயே நின்று எழுத்தில் கேளுங்கள். சீரியல் எண், எதில் வேறுபடுகிறது என்ற ஒரு வரி, தேதி. மின்னஞ்சலாக வந்தாலும் போதும்.

பார்சலின் வெளி உறையைக் கிழித்து எறியாதீர்கள். கைக்கடிகாரம் வந்த உறையில் "பிளாஸ்டிக் பொம்மை" என்று ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், "ஒரிஜினல்" என்று போட்டிருந்த விற்பனைப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. போலி சார்ஜரைச் சோதிக்கிறேன் என்று மின்சாரத்தில் மட்டும் சொருக வேண்டாம்.

சரி, புகார் கொடுக்கக் கெடு எவ்வளவு? கார்டுக்குப் பொதுவாக 120 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது வழக்குக்கு வழக்கு மாறும் என்பதால் அதை நம்பி உட்கார வேண்டாம். இணையத்தில் பணம் கட்ட உதவும் பேபால் சேவையில், பணம் கட்டியதிலிருந்து 180 நாள். அங்கே ஒரு சிக்கல் உண்டு. புகாரைத் திறந்து 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டமான கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும், மறுபடி திறக்க முடியாது. "புகாரை மூடுங்கள், உடனே பணம் அனுப்புகிறோம்" என்று விற்பவர் கெஞ்சுவது இதனால்தான். பணம் கணக்கில் ஏறிய பிறகு மூடலாம். இன்னொன்று, ஒரே நேரத்தில் பேபாலிலும் வங்கியிலும் கேட்காதீர்கள். வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் கோரிக்கை, போட்டால் பேபால் தன் பக்கத்தில் மூடிவிடும்.

சில சமயம் பொருளைத் திருப்பச் சொல்லாமல், அழித்துவிட்டு ஆதாரம் காட்டுங்கள் என்று பேபால் கேட்கும். எழுத்தில் அப்படி வந்தபின், வீடியோ எடுத்துக்கொண்டே அழியுங்கள். அதற்கு முன் வேண்டாம். யாருக்காவது விற்றுக் கைகழுவலாம் என்றும் நினைக்காதீர்கள், பல நாடுகளில் அது குற்றம்.

நிறையப் பேர் தாமதமாக வருவது வெட்கத்தால். நானே போய் ஏமாந்தேனே என்று தலை குனிந்து சொல்வார்கள். பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஈசிடியும் ஐரோப்பிய அறிவுசார் சொத்து அலுவலகமும் சேர்ந்து போட்ட கணக்கில், 2019இல் போலிப் பொருட்களின் உலக வர்த்தகம் சுமார் 46,400 கோடி டாலர், மொத்த வர்த்தகத்தில் 2.5% வரை. இத்தனை பெரிய தொழில் விரித்த வலையில் சிக்கியதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. வாருங்கள், சீக்கிரம் வாருங்கள்.

நேரடி வங்கிப் பரிமாற்றத்திலோ கிரிப்டோவிலோ பணம் அனுப்பியவர்களுக்கு இந்தச் சார்ஜ்பேக் வழி கிடையாது. பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" என்று அனுப்பியதற்கும் பாதுகாப்பு இல்லை. இவர்களைத் தேடித்தான், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று இன்னொரு கூட்டம் வரும். அவர்களுக்கு எதுவும் கட்டாதீர்கள். உங்கள் வங்கிக்கு அன்றைக்கே தெரிவித்து, காவல்துறையில் புகார் எழுதிக் கொடுத்து அதன் நகலை வாங்கி வையுங்கள்.